லீ மார்வினின் முரட்டுத்தனம் எங்கிருந்து வந்தது?

ஹாலிவுட் நடிகர் லீ மார்வின் திரையில் காட்டிய முரட்டுத்தனம் வெறும் நடிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் வேர் போர்க்களத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து. 1924-இல் நியூயார்க்கில் பிறந்த அவர், அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரின்போது 1944 ஜூனில் பசிபிக் பெருங்கடலின் சைபன் தீவுச் சண்டையில் குண்டடிபட்டு, ஓராண்டுக்கும் மேல் மருத்துவமனைகளில் கிடந்தார். பின்னர் குழாய் பழுதுபார்ப்பவரின் உதவியாளராக வேலை செய்தபோது, நோயுற்ற ஒரு நடிகருக்குப் பதிலாக மேடையேறினார்.

1953-இல் வெளிவந்த ‘தி பிக் ஹீட்’ படத்தில், கொதிக்கும் காப்பியை நடிகை குளோரியா கிரஹாமின் முகத்தில் வீசும் காட்சியைப் பாருங்கள்: காப்பி முகத்தில் படுவது காட்டப்படுவதில்லை, அலறல் மட்டுமே கேட்கிறது, ஆனாலும் நாம் நடுங்கிப்போகிறோம். ‘கேட் பலூ’ (1965) படத்தில் குடிகாரத் துப்பாக்கி வீரனாகவும் வில்லனாகவும் இரட்டை வேடமேற்றுச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பெற்றார். 1987-இல் மறைந்த அவர், ஆர்லிங்டன் இராணுவக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.