பல்பும் பாட்டில் மூடியும் கலையா?

கேள்வி: ஓவியக் கல்லூரியில் படிக்கும் என் மகள் தூரிகையைத் தொடுவதே இல்லை. சென்சார், பல்ப், பாட்டில் மூடி என்று சேர்த்து வைத்துக்கொண்டு, இதுதான் இன்றைய கலை என்கிறாள். வரைய வராதவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழிதானே இது?

பதில்: இல்லை. பாட்டில் மூடி என்றீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கானாவில் 1944-இல் பிறந்த எல் அனட்சுய், நைஜீரியாவின் என்சுக்கா நகரப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் சிற்பக்கலை கற்பித்தவர். மரமும் களிமண்ணும் கைக்குப் பழகிய பிறகுதான் மது பாட்டில்களின் மூடிகளுக்கு வந்தார். அவற்றைத் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோர்த்து, சுவர் முழுக்கத் தொங்கும் விரிப்புகளாக ஆக்குகிறார். ஒரு விரிப்புக்கு ஆயிரக்கணக்கான மூடிகள் வேண்டும். உதவியாளர்கள் பலர் உட்கார்ந்து கோர்க்க வேண்டும். குறுக்குவழி தேடுகிறவர் இந்தப் பக்கமே வரமாட்டார்.

சரி, ஏன் மூடி? ஐரோப்பிய வணிகர்கள் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த சரக்குகளில் மதுவும் ஒன்று. அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். கடல் கடத்தப்பட்ட அந்த மனிதர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். அந்தக் கரும்பிலிருந்து மறுபடியும் ரம் வடித்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது தங்க இழைத் துணியாக மின்னுவது, அருகில் போனால் சாராயக் கம்பெனிகளின் பெயர் அச்சடித்த அலுமினியத் தகடு. இதைச் சாயத்தால் வரைந்திருந்தால் அழகு இருந்திருக்கும், அந்த வரலாறு இருந்திருக்காது. இத்தாலியின் வெனிஸ் நகரில் நடக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியன்னாலேயில், 2015-இல் அனட்சுய்க்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது கிடைத்தது.

அடுத்து, சென்சாரும் பல்பும். மெக்சிகோவில் பிறந்த ரஃபேல் லொசானோ-ஹெம்மர் 2006-இல் செய்த ‘பல்ஸ் ரூம்’ என்ற படைப்பில், ஓர் அறையின் கூரையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டு பல்புகள் தொங்குகின்றன. அங்கே இருக்கும் ஒரு கருவியின் பிடியைப் பற்றியதும் சென்சார் உங்கள் நாடித்துடிப்பை எடுத்துக்கொள்ள, பக்கத்தில் உள்ள பல்ப் அதே தாளத்தில் மினுங்கத் தொடங்கும். நீங்கள் கையை எடுத்ததும் உங்கள் துடிப்பு வரிசையில் ஓர் இடம் தள்ளிப்போகும். அடுத்தவர் வர வர அது இன்னும் நகர்ந்து, கடைசியில் வரிசையைவிட்டே வெளியேறிவிடும். நம் ஆயுளைப் பற்றி அந்த அறை என்ன சொல்கிறது என்பதற்கு விளக்கவுரை தேவையில்லை. இங்கே சென்சார் அலங்காரம் இல்லை. அதைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் விளக்குக் கூடம்தான்.

மும்பையைச் சேர்ந்த ஷில்பா குப்தா, எழுதியதற்காகவும் கொண்ட கருத்துக்காகவும் சிறைவைக்கப்பட்ட 100 கவிஞர்களின் வரிகளை 100 மைக்குகள் வழியே ஒலிக்கவைத்தார். குரலை வாங்கும் மைக்கையே குரல் கொடுக்கும் ஸ்பீக்கராக மாற்றியதில்தான் அந்தப் படைப்பின் உயிர் இருக்கிறது.

உங்கள் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சுவர் முழுக்க வண்ணங்களை ஓடவிட்டு, கையசைத்தால் திரையில் பூ மலரும் என்பதோடு நின்றுவிடும் படைப்புகள் ஏராளம். அவை எனக்கும் சலிப்புதான். அப்புறம், குப்பையைக் கொட்டி வைத்துவிட்டு ‘நுகர்வுக் கலாசாரம்’ என்று அட்டையில் எழுதுகிறவர்களும் உண்டு. பொருளை மாற்றினாலும் அந்தப் படைப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. மூடி இருந்த இடத்தில் பொத்தானை வைக்கலாம், சென்சார் இருந்த இடத்தில் சுவிட்சைப் போடலாம். அனட்சுயிடமோ லொசானோ-ஹெம்மரிடமோ அப்படி மாற்றவே முடியாது.

ஆகவே, ‘ஏன் வரையவில்லை?’ என்று மகளிடம் கேட்காதீர்கள். ‘ஏன் இந்தப் பொருள், ஏன் வேறொன்று இல்லை?’ என்று கேளுங்கள். உடனே பதில் வராவிட்டாலும் விடாதீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள். அவளுடைய ஆசிரியர்களும் அவளிடம் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.