மெட்டல் பாட்டே கேக்காதவங்க பாக்கற மாதிரி, ஒரு ராக் மியூசிஷியன் பத்தின நல்ல டாக்குமெண்டரி எது?

லெம்மி. படத்தோட பேரே அதுதான், 2010ல வந்தது, கிரெக் ஆலிவர், வெஸ் ஓர்ஷோஸ்கின்னு ரெண்டு பேர் சேர்ந்து எடுத்தது. மோட்டர்ஹெட்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்டுல பேஸ் கிதார் வாசிச்சுக்கிட்டே பாடுவாரே லெம்மி கில்மிஸ்டர், அவரப் பத்தி.

நான் திருநெல்வேலி பக்கம் லைட் மியூசிக் ட்ரூப்ல ரொம்ப வருஷம் பேஸ் வாசிச்சவன். கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷன்னு சுத்துவோம். எங்க கஷ்டம் என்னன்னா மேடை இல்ல, கச்சேரி இல்லாத நாள்தான். விடிய விடிய வாசிச்சுட்டு வந்து படுத்து மத்தியானம் எந்திரிச்சா வீடு அமைதியா இருக்கும், என்ன பண்றதுன்னே தெரியாது. இந்தப் படம் அந்த மத்தியானத்தக் காட்டுது, அதனாலதான் இதச் சொல்றேன்.

லாஸ் ஏஞ்சல்ஸ்ல சன்செட் ஸ்ட்ரிப்ங்கிற தெரு பக்கத்துல ஒரு சின்ன அபார்ட்மெண்ட். 1981ல மோட்டர்ஹெட்டோட லைவ் ஆல்பம் 'நோ ஸ்லீப் டில் ஹாமர்ஸ்மித்' இங்கிலாந்துல நம்பர் ஒன், அந்தாளு இருக்கற வீடு இவ்வளவுதானான்னு இருக்கும். உள்ள எங்க பாத்தாலும் சாமான், காலு வைக்க இடமில்ல. அதுக்குள்ள நின்னு தனக்கு தானே உருளைக்கிழங்கு பொரிச்சுக்கிறாரு, வீடியோ கேம் ஆடுறாரு. வெளிய கிளம்புனா பக்கத்துல ரெயின்போ பார், அங்க ஒரு ஓரத்துல உக்காந்து மெஷின்ல கேம். இன்னொரு நாள் பீட்டில்ஸோட மோனோ பாக்ஸ் செட்ட தேடி ரெக்கார்டு கடைக்குப் போறாரு, சின்ன வயசுல லிவர்பூல் கேவர்ன் கிளப்ல அவங்கள நேர்ல பாத்தவரு, அந்த ரசிகன் அப்படியே உள்ள இருக்கான்.

வாசிக்கற விஷயத்துக்கு வரேன். எங்களுக்கெல்லாம் பேஸ்னா டிரம்ஸோட கிக்க (கால்ல மிதிச்சு அடிக்கற பெரிய டிரம்) ஒட்டியே போகணும், தனியா கேக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. இவரு ரிக்கன்பேக்கர் பேஸ வச்சுக்கிட்டு ரிதம் கிதார் மாதிரி கார்டு கார்டா, அதாவது பல கம்பிய ஒண்ணா சேத்து அடிக்கிறாரு, மார்ஷல் ஆம்ப்ளிஃபையர்ல கீழ் ஸ்தாயி சத்தத்தக் குறைச்சு நடு ஸ்தாயி சத்தத்த முழுசா ஏத்தி வச்சு. காரணம் என்னன்னா அவரு முதல்ல கிதாரிஸ்ட், 1971ல ஹாக்விண்ட் பேண்டுல சேந்தப்பதான் பேஸையே கையில எடுத்தாரு. அதுக்கு முன்னாடி பெரிய கிதாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு சாமான் தூக்குனவரு. 1975ல கனடா பார்டர்ல போதைப் பொருளோட மாட்டுனாரு, கைல இருந்தது ஒண்ணு, போலீஸ் போட்ட கேஸ் வேற ஒண்ணுக்கு, அதனால வெளிய வந்துட்டாரு, ஆனா ஹாக்விண்ட்ல இருந்து தூக்கிட்டாங்க. அதே வருஷம்தான் மோட்டர்ஹெட் ஆரம்பிச்சது.

காசு விஷயத்தையும் சொல்லணும். பாடகர் ஓசி ஆஸ்பர்னோட 1991 ஆல்பத்துக்கு நாலு பாட்டுக்கு வரி எழுதிக் கொடுத்தாரு, அதுல வந்தது மோட்டர்ஹெட்ல 15 வருஷம் சம்பாதிச்சதவிட அதிகம்னு அவரே சொல்லியிருக்காரு. இதக் கேட்டு எனக்கு ஆச்சரியமே வரல, மேடை ஏறுறவன் நிலைமை எல்லா ஊர்லயும் இப்படித்தான் போல.

குறையும் இருக்கு. மெட்டாலிகா, டேவ் க்ரோல், ஸ்லாஷ்னு பெரிய ஆளுங்க வரிசையா வந்து புகழ்ந்துக்கிட்டே இருக்காங்க, பாதிய வெட்டியிருக்கலாம். நாஜி காலத்து கத்தி, மெடல் எல்லாம் சேத்து வச்சிருக்காரு, பழைய பொருள் மேல உள்ள ஆசைதான், அந்தக் கொள்கை மேல இல்லன்னு விளக்கம் சொல்றாரு. எனக்கு அந்த பதில் போதல, அங்க இன்னும் நெருக்கிக் கேட்டிருக்கணும்.

ஆனா ஒரு சீன் இருக்கு. அதே ரூம், பக்கத்துல பையன் பால் உக்காந்திருக்காரு. லெம்மி மூணு மாசக் குழந்தையா இருக்கும்போதே அவரோட அப்பா விட்டுட்டுப் போயிட்டாரு, இவரு பையனும் சின்ன வயசுல இவருகூட வளரல. இந்த ரூம்ல உங்களுக்கு ரொம்ப மதிப்பான பொருள் எதுன்னு கேக்கறாங்க, அந்தக் குவியல்ல இருந்து எதையாவது எடுத்துக் காட்டுவாருன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், "என் பையன்"னு சொல்றாரு. அவ்வளவுதான். நான் நிறுத்திட்டு கொஞ்ச நேரம் வெளிய போய் நின்னேன், எம் பொண்ணு பொறந்தப்ப நான் ஒரு கொடையில வாசிச்சுக்கிட்டு இருந்தேன்.

படம் வந்து அஞ்சு வருஷத்துல, 2015 டிசம்பர் 28ல இறந்துட்டாரு, 70 முடிஞ்சு நாலே நாள். கேன்சர்னு தெரிஞ்சதே ரெண்டு நாள் முன்னாடிதான். டிசம்பர் 11 பெர்லின்ல மேடையில நின்னு வாசிச்சிருக்காரு.

படம் ரெண்டு மணி நேரத்துக்குக் கிட்ட வரும். சப்டைட்டில் போட்டே பாருங்க, கரகரன்னு வார்த்தைய முழுங்கிப் பேசுவாரு, அந்த ரூம் சீன்ல ஒரு வார்த்தை விட்டுப் போயிரக் கூடாது.