வாசகர் கேள்வி: ஏட்டில் ஒட்டிய இலங்கைச் செடிகள்

கேள்வி: 350 ஆண்டுகளுக்கு முன் இலங்கையில் பறித்த செடிகள் இன்னும் லண்டனில் இருக்கின்றனவாமே? காய்ந்த இலைகளால் இப்போது யாருக்கு என்ன பயன்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இருக்கின்றன. ஒல்லாந்தர் கம்பெனியின் மருத்துவர் பவுல் ஹெர்மன் 1672 முதல் 1677 வரை இலங்கையில் சேர்த்தவை. ஐந்து தொகுதிகள், நான்கில் செடிகள், ஒன்றில் ஓவியங்கள். 1695இல் அவர் இறந்தபின் அவை எங்கே போயின என்றே தெரியவில்லை. 1744இல் டென்மார்க் அரச மருந்தாளர் ஒருவரிடம் இருந்தது தெரியவந்து, சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் கைக்குப் போயின. கடைசியில் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ் வாங்கினார். இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

பயன் பெயரில் இருக்கிறது. லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதியபோது இரட்டைச் சொல் பெயர்முறை (பேரினம், இனம் என இரண்டு சொல்லில் பெயர்) வரவில்லை. அதனால் செடிகளுக்கு எண் போட்டார். அதே எண்களை ஹெர்மனின் ஏடுகளிலும் குறித்தார். 1753இல் பெயர் சூட்டியபோது பழைய எண்ணையே மேற்கோள் காட்டினார். ஆக, ஒரு பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று சண்டை வந்தால், பெயரிலிருந்து எண்ணுக்கும், எண்ணிலிருந்து ஏட்டுக்கும் போய்ப் பார்க்கலாம். புகைப்படத்தில் பூவைப் பிரித்து மகரந்தத்தாளை எண்ண முடியாதே!

சிக்கலும் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு மூன்று மாதிரிகள், சிலசமயம் வேறுவேறு இனங்களே, கிடக்கும். அப்போது தாவரவியலாளர் ஒருவர் ஒன்றைத் தேர்ந்து ‘இதுவே வகைமாதிரி’ (பெயருக்கு அளவுகோலான மாதிரி) என்று அச்சில் அறிவிக்க வேண்டும். இலங்கையின் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி டிரைமன் 1887இல் இந்த ஏடுகளைச் செடி செடியாக ஆராய்ந்து பட்டியல் வெளியிட்டார்.

கேள்வி: பள்ளிக்காகச் செடி உலர்த்தினால் பூஞ்சணம் பிடிக்கிறது. ஏன்? (ஆசிரியை, நாகப்பட்டினம்)

பதில்: தாள் மாற்றாததுதான் காரணம். கடற்கரைக் காற்றில் முதல் நான்கைந்து நாளும் தினமும் செய்தித்தாளை மாற்றுங்கள். சதைப்பற்றுள்ள தண்டை நீளவாக்கில் பிளந்து வையுங்கள். ஓர் இலையாவது அடிப்புறம் தெரியட்டும். பூ நிறம் மங்கிவிடும். பறித்த அன்றே நிறம், இடம், தேதி மூன்றையும் எழுதிவிடுங்கள். (ஹெர்மன் சிங்களப் பெயரை எழுதிவைத்தார், அதற்கே இன்று நன்றி சொல்கிறோம்.)

நன்றாகக் காய்ந்ததும் 41 × 29 செ.மீ. தடித்த அட்டையில் ஒட்டுங்கள். வண்டு அரிக்காமல் இருக்கப் பாதரச குளோரைடு பூச வேண்டவே வேண்டாம், அது நஞ்சு. பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த தாளில் நீர் வியர்த்து, மறுபடி பூஞ்சணம் வரும். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும்.