மீந்துபோகும் சவர்டோ ஸ்டார்ட்டரை (ரொட்டிக்காக மாவும் தண்ணீரும் கலந்து புளிக்கவைத்து வளர்க்கும் தாய்மாவு) வைத்து சூப்பில் போடும் டம்ப்ளிங் (மாவு உருண்டை) செய்யலாமா? முட்டை இல்லாமல் வருமா?

செய்யலாம். மீந்ததை ஒப்பேற்றுவதற்காகச் சொல்லவில்லை, நன்றாகவே வரும். அமெரிக்காவின் மினசோட்டாவில் குளிர் பிடித்துவிட்டால் எங்கள் வீட்டில் வாரக்கடைசிச் சாப்பாடே இதுதான்.

நீங்களும் 2020 ஊரடங்கில் ரொட்டி சுடக் கிளம்பி, ஜாடியில் ஸ்டார்ட்டர் வளர்த்து, அதற்குத் தீனி (புது மாவும் தண்ணீரும்) போடும்போதெல்லாம் பாதியை எடுத்துக் கொட்டுகிற ஆள் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கும் அது பழகிப்போயிருந்தது. காரைக்குடியிலிருந்து அம்மா வந்திருந்தபோதுதான் ரகளை. "ஏண்டா, நல்ல மாவை எடுத்துக் குப்பையில கொட்டுற? புளிச்சுப்போனா வெங்காயம் மிளகாய் அரிஞ்சு போட்டுப் பணியாரம் ஊத்த வேண்டியதுதானே?" இது மைதாம்மா, இட்லி மாவு இல்லை என்றேன். "இருந்துட்டுப் போகட்டும். மாவுதானே?"

அன்றைக்கு அடுப்பில் மிளகு, சீரகம் தட்டிப்போட்ட சிக்கன் சூப் இருந்தது. சரி, அதிலேயே போட்டுவிடுவோம் என்று இறங்கினேன்.

அமெரிக்கர்கள் செய்யும் சிக்கன் அண்ட் டம்ப்ளிங்ஸில் இரண்டு வகை உண்டு. மாவைத் தேய்த்துப் பட்டையாக வெட்டிப் போடுவது ஒன்று, கெட்டியான கலவையைக் கரண்டியால் எடுத்துச் சூப்பின் மேலேயே போடுவது இன்னொன்று. ஸ்டார்ட்டருக்கு இரண்டாவதுதான் தோது. (உள்ளே பூரணம் இல்லாமல் என்ன டம்ப்ளிங் என்று மோமோ கட்சிக்காரர்கள் வருவீர்கள். அது வேறு சாப்பாடு, விடுங்கள்.)

மாவும் தண்ணீரும் சம எடையில் கலந்து வளர்த்த ஸ்டார்ட்டர் என்றால் 225 கிராம் எடுங்கள். அதில் பாதி தண்ணீர் என்பதை மறக்க வேண்டாம். சும்மா 'ஒரு கப்' என்று எழுதிவிட்டுப் போகிறவர்களை நம்பாதீர்கள். பொங்கி நிற்கும் ஸ்டார்ட்டரும் அமுங்கிப்போன ஸ்டார்ட்டரும் ஒரே கப்பில் ஒரே எடை வராது. தனியாக 120 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு எல்லாவற்றையும் கலந்து, உருக்கிய வெண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், பால் மூன்று டேபிள்ஸ்பூன், ஸ்டார்ட்டர் சேர்த்து ஒரு கிளறு கிளறினால் போதும். பிசையாதீர்கள், ரப்பராகிவிடும். புளிப்பும் சோடாவும் சேர்ந்ததுமே நுரைக்கத் தொடங்கும், அதனால் சூப் தயாரான பிறகுதான் கலக்க வேண்டும். சோடாவைக் கூட்டினால் சோப்பு வாடை அடிக்கும்.

ரொம்ப நாள் ஃபிரிட்ஜில் கிடந்த ஸ்டார்ட்டர் நீர்த்து ஓடும். அமிலத்தில் பசைத்தன்மை போயிருக்கும், இன்னும் ஒரு கை மாவு பிடிக்கும். மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் நின்றால் வடித்துவிடுங்கள். இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ கோடு தெரிந்தாலும், பூஞ்சை பிடித்திருந்தாலும் யோசிக்காமல் கொட்டுங்கள். அங்கே அம்மா பேச்சைக் கேட்காதீர்கள்.

கரண்டியைச் சூப்பில் நனைத்துக்கொண்டு நெல்லிக்காய் அளவு எடுத்துப் போடுங்கள், வெந்ததும் இரண்டு மடங்காக உப்பிவிடும். சூப் தளதளவென்று கொதித்தால் கரைந்து கஞ்சியாகிவிடும். ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழி வரும் சூட்டில் வைத்து, மூடி போட்டுப் பதினைந்து நிமிடம் தொடக் கூடாது. மேல்பாகம் ஆவியில்தான் வேக வேண்டும். அம்மாவோ ஈர்க்குச்சிக்குப் பதில் பல்குத்தும் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பை விட்டு நகரவில்லை. "வெந்துச்சான்னு குத்திப் பாக்க வேணாமாடா?" இட்லிச் சட்டியை இப்படித்தான் நடுவில் திறப்பீர்களா என்று கேட்ட பிறகுதான் கை இறங்கியது. கடைசியில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "பரவால்ல, கொஞ்சம் கொத்தமல்லி கிள்ளிப் போட்டிருக்கலாம்" என்றார். அவர் வாயால் இது பெரிய சர்டிபிகேட்.

மைதா விஷம் என்று வாட்ஸ்அப் ஆதாரத்தோடு வரப்போகிறவர்களுக்கு: இதை ஆரோக்கிய உணவு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. புதிதாகச் சேர்க்கும் மைதா புளிக்கவே இல்லை, ஆகவே சவர்டோவின் நன்மை முழுசாக இதில் இருக்கும் என்று நீங்களும் நினைக்க வேண்டாம்.

வந்ததற்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பொங்கல் விழாவுக்கு இதே சூப்பைப் பானையோடு தூக்கிக்கொண்டு போனேன். சாப்பிட்டவர்கள் எல்லாரும் என் மனைவியிடம் போய்ப் பாராட்டுகிறார்கள். அவள் பாவம், "அவர்தான் செஞ்சார், அவர்கிட்ட கேளுங்க" என்கிறாள், இவர்கள் ஜோக் என்று சிரிக்கிறார்கள். ஓர் அண்ணாச்சி என் தோளைத் தட்டி, "மாட்டிக்கிட்டீங்களா சார்" என்கிறார். என்னத்தில் மாட்டிக்கொண்டேன்? மண்டபத்துக்குச் சமைக்க வருகிற மாஸ்டரிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா? வீட்டில் ஆண் கரண்டி பிடித்தால் மட்டும் ஏதோ தண்டனை அனுபவிக்கிற மாதிரி பார்ப்பது ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. சரி, அது வேறு கதை.

மீந்த டம்ப்ளிங்கைச் சூப்பிலேயே விட்டால் ராத்திரிக்குள் சூப்பைக் குடித்துவிடும், தனியாக எடுத்து வையுங்கள். முட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன அளவில் முட்டையே இல்லை. போட்டால்தான் திருப்தி என்றால் ஒன்றை அடித்து ஊற்றிவிட்டு, பாலைத் தவிர்த்துவிடுங்கள்.