காரல் வழுவழுக்குது, எறியிறதோ?

கேள்வி: அக்கா, ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தை மார்க்கெட்டில அரைக்கிலோ காரல் வாங்கினன், விக்கிறவர் காரல்லா எண்டு சிங்களத்தில சொன்னவர். வீட்ட வந்து பாத்தா பேக் முழுக்க சளி மாதிரி வழுவழு. இரவு கரண்ட் போன நேரம் சட்டிக்குள்ள மங்கலா ஒரு வெளிச்சம் வேற! அம்மா பயந்து எறியச் சொல்லிட்டா. கெட்ட மீனோ? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: ஐயோ, எறிஞ்சே போட்டீங்களா தங்கச்சி? காரல் எண்டா வழுவழுக்கத்தான் செய்யும், அது அதின்ர பிறவிக்குணம், அதை வச்சு பழுதெண்டு சொல்லேலாது. பூவை, அதுதான் செவுளைத் தூக்கிப் பாருங்கோ, சிவப்பா இருந்து கண்ணும் தெளிவா இருந்தா நல்ல மீன். மண்ணிறமாகி மணந்தா மட்டும் எறியுங்கோ.

வெளிச்சம் பேயில்லை, அம்மாட்ட சொல்லுங்கோ. காரலின்ர தொண்டைக்குழாயைச் சுத்தி ஒரு உறுப்பிருக்கு, அதுக்குள்ள ஒளிவிடுற பக்டீரியா குடியிருக்கு, மீன் அதுக்குச் சாப்பாடு குடுக்க அது வெளிச்சம் குடுக்குது, கீழ இருந்து பெரிய மீன் அண்ணாந்து பாத்தா மேல இருந்து வாற வெளிச்சத்தோட காரலின்ர வயிறும் கலந்து நிழலே தெரியாதாம். கையகலம் கூட இல்லாத மீனுக்கு எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கோ! கரையோரச் சேத்திலயும் களப்பிலயும் கூட்டமாத் திரியும், நீர்கொழும்புப் பக்கமும் பிடிபடும். வாயைப் பிடிச்சு மெல்ல இழுத்தா குழாய் மாதிரி கீழ நீளும், அதாலதான் சேத்தில இருக்கிற சின்னப் பூச்சிகளை உறிஞ்சும். பிள்ளையளுக்குக் காட்டினா நல்ல விளையாட்டு.

இனிச் சமையல். செதிள் உரசி மினக்கெடத் தேவையில்ல, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைஞ்சு கழுவினா வழுவழுப்புப் போயிடும். முதுகு முள்ளைக் கத்தரிக்கோலால வெட்டுங்கோ, கையில ஏறினா கடுகடுக்கும். பொரிக்கலாம்தான், ஆனா எனக்கு அது வீண்வேலை, முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில என்ன மிஞ்சும்? சொதிதான் சரி. எங்கட அம்மம்மா பிள்ளைப்பெத்த வீட்டுக்குப் பால் ஊறுமெண்டு காரல் சொதிதான் வச்சுக் குடுப்பா. வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு எல்லாத்தையும் தேங்காயின்ர ரெண்டாம்பாலில கொதிக்கவிட்டு மீனைப் போடுங்கோ, அஞ்சாறு நிமிஷம் காணும், பிறகு முதற்பாலை விட்டு ஒரு கொதி வரேக்க இறக்கி, அதுக்குப் பிறகுதான் தேசிக்காய். அடுப்பில இருக்கேக்க புளி விட்டா பால் திரைஞ்சிடும். கரண்டி போடாதேங்கோ, சட்டியைப் பிடிச்சு ஒரு சுழட்டு.