ஒரு நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) வேலையை முடித்து நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று சொல்லும் நிரலை ஏன் எழுத முடியாது? கணிதவியலாளர் கான்டரின் மூலைவிட்ட வாதம் இதில் எங்கே வருகிறது?

இரண்டிலும் இருப்பது ஒரே தந்திரம்தான்.

கான்டர் 1891இல் எடுத்துக்கொண்டவை இரண்டே குறிகளால் ஆன முடிவிலாத் தொடர்கள். 0, 1 என்றே வைத்துக்கொள்வோம். அவை அனைத்தையும் ஒரு பட்டியலில் அடக்கிவிட்டதாக ஒருவர் சொல்கிறார். முதல் வரியின் முதல் இலக்கம், இரண்டாம் வரியின் இரண்டாம் இலக்கம் என்று மூலைவிட்டமாக இறங்கி, ஒவ்வொன்றையும் மாற்றிப் போடுங்கள். கிடைக்கும் தொடர் நூறாவது வரியோடு நூறாவது இடத்தில் முரண்படும். எந்த வரியோடும் அப்படியே. ஆகவே அது பட்டியலில் இல்லை. அதையும் சேர்த்துவிட்டால்? (நானும் முதலில் இதைத்தான் கேட்டேன்.) சேருங்கள், புதிய பட்டியலுக்கும் இதே கதி.

இனி வரிகளுக்குப் பதில் நிரல்கள். நிரலும் வெறும் எழுத்துத் தொடர்தான்; அதை அதற்கே உள்ளீடாகக் கொடுக்கலாம். எந்த நிரலும் எந்த உள்ளீட்டிலும் நிற்குமா, நிற்காதா என்பதைத் தவறாமல் சொல்லும் 'சோதகன்' இருப்பதாகக் கொள்வோம். அதை உள்ளே வைத்து 'முரண்டன்' என்றொரு நிரல் எழுதுகிறேன். முரண்டனிடம் தரப்படும் நிரல், அந்த நிரலையே உள்ளீடாகப் பெற்றால் நிற்கும் என்று சோதகன் சொன்னால் முரண்டன் ஓயாமல் சுற்றும். நிற்காது என்றால் உடனே நிற்கும். நிரல் தன்னையே உள்ளீடாகப் பெறும் இடம்தான் இங்கே மூலைவிட்டம்; அங்கே இலக்கத்தை மாற்றிய அதே வேலை. இப்போது முரண்டனுக்கு முரண்டனையே கொடுங்கள். சோதகன் எதைச் சொன்னாலும் பொய்யாகிறது. எனவே சோதகன் இருக்க முடியாது.

கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936 கட்டுரையில் மூலைவிட்ட வாதத்தைக் கையாண்டார். 'நிற்றல்' என்ற இந்த வடிவம் பின்னால் வந்தது. குறிப்பிட்ட ஒரு நிரல் நிற்கும் என்று நிறுவுவதை இது தடுக்கவில்லை. எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் ஒரே வழிமுறைதான் கிடையாது.