சூரியப் புயல் வந்தால் போனை அணைக்க வேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "10 இலட்சம் பாகை சூட்டோடு சூரியக் காற்று வருகிறது, இன்றிரவு போன், பிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள் என்று வட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. உயர்தரம் படிக்கும் மகனோ சூரியனின் மேற்பரப்பே 5,500 பாகைதான் என்கிறான். எதை நம்புவது?"

அணைக்கவே தேவையில்லை. ஆனால் மகன் சொன்னதும் சரி, அந்த 10 இலட்சமும் பொய்யில்லை.

மேற்பரப்பைத் தாண்டி வெளியே போனால் சூடு குறையவேண்டும்தானே? குறைவதில்லை, கொரோனா எனும் வெளிப்படலத்தில் அது 10, 20 இலட்சம் பாகைக்கு ஏறுகிறது. கிரகணத்தின்போது கொரோனாவின் ஒளியில் தெரிந்த ஒரு பச்சைக் கோடு, 13 இலத்திரன்களை இழந்த இரும்புடையது என்று 1940களில் தெளிவானபோதுதான் இது பிடிபட்டது, இரும்பு அத்தனை இலத்திரன்களை இழக்க அவ்வளவு சூடு வேண்டும். மேற்பரப்பில் கொதித்துப் புரளும் வாயு காந்தப்புலக் கோடுகளை ஓயாமல் ஆட்டி முறுக்குகிறது, அந்தச் சக்தி அலைகளாக மேலேறுகிறது, முறுகிய கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது சின்னச் சின்ன வெடிப்புகளாகவும் வெளிப்படுகிறது. இரண்டில் எதன் பங்கு பெரிது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை.

இவ்வளவு சூடான வாயுவைச் சூரியனின் ஈர்ப்பால் கட்டிவைக்க முடியாது. வெளியே பாய்கிறது, அதுதான் சூரியக் காற்று. அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் 1958இல் இதை எழுதியபோது மதிப்பாய்வாளர்கள் நிராகரிக்கச் சொன்னார்கள். ஆய்விதழின் ஆசிரியராக இருந்த நம் வானியற்பியலாளர் சந்திரசேகர், தனக்கே அந்த யோசனை பிடிக்காதபோதும், கணக்கில் பிழையில்லை என்று பிரசுரித்தார். அந்த நேர்மையை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நிறையும்.

சரி, சூடு சுடாதா? பாகை சொல்வது துகள்கள் ஓடும் வேகத்தை, எத்தனை துகள் இருக்கிறது என்பதை அல்ல. பூமிக்கு அருகே ஒரு கன சென்ரிமீற்றரில் ஐந்தாறு துகள்தான், அதனால் எதைச் சுட முடியும்? அந்தப் பார்க்கரின் பெயரைத் தாங்கிய நாசா விண்கலம் 2024 டிசம்பரில் சூரியனுக்கு 61 இலட்சம் கிலோமீற்றர் வரை நெருங்கியும் அதன் கவசம் ஏறத்தாழ 1,000 பாகைக்குத்தான் சூடேறியது, அதுவும் வெயிலால்.

பாதிப்பு காந்தத்தால்தான் வரும். சூரியனில் பெரும் வெடிப்பு நடந்தால், அதாவது சூரியப் புயல் கிளம்பினால், ஓரிரு நாளில் பூமியின் காந்தப்புலம் குலுங்கி, நீண்ட மின்வழிகளில் மின்னோட்டம் தூண்டப்படும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் மின்சாரம் போய் இருண்டது அப்படித்தான். இந்தக் குலுக்கல் துருவங்களை அண்டித்தான் பெரிது, கொழும்போ காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தத் துருவங்களுக்கு நடுவே ஓடும் கோட்டுக்கு) அருகில் இருப்பதால் அந்த ஆபத்து இங்கே மிகக் குறைவு. இங்கே தடுமாறக்கூடியது ஜிபிஎஸ், அதனால் நில அளவையோ ட்ரோன் வேலையோ இருந்தால் மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள். பிளக்கைக் கழற்ற வேண்டியது ஏப்ரல், ஒக்டோபர் மாலைகளில் இடி மின்னல் வரும்போது, அதை மட்டும் தவறவிடாதீர்கள்.